சிறு கிளினிக்குகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை நோய்ப் பராமரிப்பு: பணியாளர்களின் கைக்கு எட்ட வேண்டியவை எவை?

பெரம்பூர் பொது மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் சிறு கிளினிக் நடத்தும் மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி, எங்கள் மேசைகளிலும் அருகிலுள்ள மருந்துக் கடைகளிலும் வைத்துப் பயன்படுத்தத் தக்க சர்க்கரை நோய்க் கையேடு ஒன்றைத் தமிழில் தயாரிக்க முடிவு செய்திருக்கிறோம். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால், களத்தில் இருப்பவர்களின் அனுபவத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023-இல் வெளியான இண்டியாப் ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர். வயது வந்தோரில் நோயின் அளவு நாட்டுக்கு 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 14.4 விழுக்காடு. இத்தனை பேரையும் சிறப்பு மருத்துவர்களே பார்த்துவிட முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, காய்ச்சல், சளி, இடுப்பு வலி என்று வருபவர்களுக்கு நடுவில் சர்க்கரை நோயாளியையும் பார்த்து அனுப்பும் எங்களைப் போன்றவர்களிடமும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும்தான் பெரும்பாலோர் சிகிச்சை பெறுகிறார்கள்.

வழிகாட்டு நெறிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் புதிய நெறிகளை வெளியிடுகிறது. இந்திய நீரிழிவு ஆய்வுச் சங்கமான ஆர்எஸ்எஸ்டிஐயும், ஐசிஎம்ஆரும் நம் நாட்டுச் சூழலுக்கேற்ற நெறிகளைத் தந்திருக்கின்றன. ஆனால் நோயாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்துக்குள் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் எடுத்துப் பார்த்து உடனே செயல்படத் தக்கவை எவை? உங்கள் பணியிடத்தில் நீங்கள் கண்ட ஒரு குறையையும், அதைச் சரிசெய்ய உதவிய ஒன்றையும் குறிப்பிட்டு எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வியாசர்பாடி செவிலியர்

நான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன். டாக்டர் கேட்ட கேள்விக்கு என்னுடைய முதல் பதில், இன்சுலின் சிரிஞ்சு பற்றிய ஒரு பக்கப் படம். அதற்குப் பிறகுதான் மற்றவை.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் கொண்ட இன்சுலினுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. கடையில் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டால், "எல்லாம் இன்சுலின் ஊசிதானே" என்று ஆரஞ்சு மூடி கொடுக்கப்படுவது உண்டு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லிலிட்டர்தான், அதில் இருப்பது 8 யூனிட் மட்டுமே. சீட்டில் 20 என்று எழுதியிருக்கும், நோயாளியும் தவறாமல் 20 போட்டுக்கொள்வதாகவே சொல்வார், ஆனால் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்காது. அப்போது இன்சுலின் அளவைக் கூட்டி எழுதுகிறோம். பிறகு ஒருநாள் அவருக்குச் சரியான சிரிஞ்சு கிடைத்தால், கூட்டி எழுதிய அளவு முழுமையாக உடலுக்குள் போய்ச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, "வீட்டில் போடும் ஊசியையும் மருந்தையும் எடுத்து வாருங்கள், என் கண் முன்னால் இழுத்துக் காட்டுங்கள்" என்று கேட்பதுதான். அப்படி இழுத்துக் காட்டும்போது பல சங்கதிகள் தெரியவரும். வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இருவகை இன்சுலின் சேர்ந்த 30/70 கலவை மருந்து பால் போல வெண்மையாகக் கலங்கியிருக்க வேண்டும்; அதைக் கலக்காமலே எடுப்பார்கள். குப்பியின் அடியில் வெள்ளைப் படிவு அப்படியே தங்கியிருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்து எடுக்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்ததாக, வயிற்றில் எந்த இடத்தில் போடுகிறார்கள் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு அங்கே கொழுப்பு திரண்டு ரப்பர் போலத் தடித்திருக்கும். வலிக்காத இடம் என்பதால் அவர்கள் அங்கேயே போடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் மருந்து சீராக உறிஞ்சப்படாது.

இவற்றைப் பார்க்க மருத்துவர் தேவையில்லை, செவிலியரே பார்க்கலாம். அதற்கு எங்களுக்கு வேண்டியவை, சிரிஞ்சுகளை உண்மை நிறத்திலும் உண்மை அளவிலும் அச்சிட்ட படம் ஒன்றும், காலாவதியான மருந்துக் குப்பி இரண்டும், சிரிஞ்சுகள் சிலவும்தான். பயிற்சி என்ற பெயரில் எங்களை ஒரு நாள் முழுவதும் அரங்கில் உட்கார வைத்து ஸ்லைடுகள் காட்டுகிறார்கள். சிரிஞ்சைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்ன பயிற்சியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கொளத்தூர் மருந்தாளுநர்

செவிலியர் அம்மா எழுதியது அத்தனையும் உண்மை. கடைக்காரர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. பேனாவில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று அதன் உள்குழலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் மருந்தை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டர். 100 யூனிட் மருந்தில் அது 50 யூனிட் ஆகிவிடும். ஆகவே கையேட்டில், "பேனா மருந்தைச் சிரிஞ்சால் எடுக்கக் கூடாது" என்பது தனிக் கட்டத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர்களிடம் எனது வேண்டுகோள், சீட்டில் இன்சுலினின் பெயரோடு "40 குப்பி" என்றோ "100 பேனா" என்றோ எழுதுங்கள். சிரிஞ்சையும் தனி வரியாக எழுதுங்கள். அந்த வரி இருந்தால் கடையில் மாற்றிக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் போவது. ஒருவர் வீட்டருகே ஒரு மருத்துவரிடமும், வேலை செய்யும் இடத்தில் இன்னொருவரிடமும் காட்டுவார். இரண்டு சீட்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளான கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் இருக்கும். அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் வேறாக இருப்பதால் அவருக்கு அவை இரண்டு மருந்துகள். இதைத் தடுக்கக்கூடிய கடைசி இடம் எங்கள் கவுன்டர்தான். மருந்தின் பொதுப்பெயரைச் சீட்டில் எழுதும் வழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மருந்தைப் பாதுகாப்பது பற்றியும் சொல்ல வேண்டும். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டும். உறைபனிப் பெட்டியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். பயன்பாட்டில் உள்ள குப்பியை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். ஆனால் கத்திரி வெயிலில் சென்னையின் தகரக் கூரை வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? மண்பானை யோசனையைப் பலரும் சொல்கிறார்கள். பானை உதவும், வெளியில் கிடப்பதைவிட நிச்சயமாக மேல். ஆனால் கடலோர ஊரில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் நீர் ஆவியாவது குறைந்து, கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் கிடைக்கும் அளவுக்குக் குளிர்ச்சி இங்கே கிடைப்பதில்லை. ஆகவே குளிர்பெட்டி இல்லாதவர்களுக்கு ஒரு முறைக்கு ஒரு குப்பிக்கு மேல் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

நீரிழிவு சிறப்பு மருத்துவர், அண்ணா நகர்

விவாதம் நல்ல திசையில் போகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். நெறிகளைச் சுருக்கி அட்டையில் அச்சிட்டு ஒட்டிவிட்டால் பராமரிப்பு மேம்பட்டுவிடும் என்று எண்ணக் கூடாது. என்னிடம் அனுப்பப்படும் நோயாளிகளில் பலருக்கு, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9 அல்லது 10 என்று ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கும்; சீட்டுகளைப் புரட்டினால் ஒவ்வொரு முறையும் "அதே மருந்தைத் தொடரவும்" என்றே எழுதியிருக்கும். மருத்துவருக்கு இலக்கு தெரியாமலா இருந்தது? தெரியும். "அடுத்த மாதம் பார்க்கலாம், சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள்" என்று தள்ளிப்போடுவது எளிதாக இருந்தது. ஆகவே மருத்துவருக்கான தாள், இலக்குகளைச் சொல்லி நிறுத்தாமல், மூன்று மாதத்தில் இலக்கை எட்டாவிட்டால் அடுத்து என்ன சேர்ப்பது என்பதையும், யாரிடம் எப்போது அனுப்புவது என்பதையும் சொல்ல வேண்டும்.

பொது மருத்துவர்களுக்கு முறையான பயிற்சி நம் ஊரிலேயே இருக்கிறது. இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையும் சென்னையைச் சேர்ந்த டாக்டர் மோகன் நீரிழிவுக் கல்விக் கழகமும் இணைந்து 2010-இல் தொடங்கிய சான்றிதழ் படிப்பு, மாதம் ஒரு வகுப்பாக நடப்பதால் கிளினிக்கை மூடாமலே படிக்க முடியும். உங்கள் குழுவில் ஓரிருவராவது அதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

கையேட்டில் சிறுநீரகத்துக்குத் தனி இடம் கொடுங்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் பார்த்து "கொஞ்சம்தான் கூடுதல்" என்று விட்டுவிடுகிறார்கள். 70 வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.4 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் என்ற அளவில்தான் இருக்கும். அந்த நிலையில் மெட்ஃபார்மினைப் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தியே ஆக வேண்டும். அதே அம்மாவுக்குக் கிளிபென்கிளமைடு கொடுப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. விலை மலிவு என்பதால் இன்னமும் எழுதப்படும் இந்த மாத்திரை, சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களின் உடலில் தங்கி, நள்ளிரவில் சர்க்கரையை இறக்கிவிடும். வயதையும் கிரியேட்டினினையும் வைத்து வடிகட்டும் திறனைப் பார்த்துக்கொள்ளும் அட்டவணை ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தால் பெரும் உதவி. சிறுநீரில் கசியும் புரதத்தைக் காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கப்பட வேண்டும். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது 30-ஐத் தாண்டி எச்சரித்துவிடும்.

எச்பிஏ1சி பற்றியும் ஒரு சொல். இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் சோகையில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தம் ஏற்றியவர்களுக்கும் சிவப்பணுக்கள் வேகமாக அழியும் நோயுள்ளவர்களுக்கும் குறைவாகக் காட்டும். நம் பெண்களில் சோகை பரவலாக இருப்பதால், வீட்டில் எடுத்த அளவுகளும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகாதபோது ஹீமோகுளோபினைப் பார்க்காமல் மருந்தைக் கூட்டக் கூடாது.

பெரம்பூர் பொது மருத்துவர்

சிறப்பு மருத்துவர் சுட்டிக்காட்டிய தள்ளிப்போடும் வழக்கம் எங்கள் கூட்டத்திலும் பேசப்பட்டது. நோயாளி பணம் கட்டிப் பரிசோதனை செய்து வந்திருக்கிறார், அதைப் பார்த்து முடிவெடுக்காமல் அனுப்புவது நியாயமில்லை என்பதை ஏற்கிறேன். "அடுத்து என்ன" என்ற தாளைச் சேர்க்கிறோம்.

பாதப் பரிசோதனையில்தான் எனக்குத் தெளிவு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்று நெறிகள் சொல்கின்றன. பத்துக்குப் பத்து அறையில், வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது, இதை நடைமுறையில் எப்படிச் செய்வது?

வியாசர்பாடி செவிலியர்

டாக்டர் அறைக்குள் செய்ய வேண்டியதில்லை; வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம். எங்கள் நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசைக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பார்ப்போம். வெடிப்பு, ஆணிக்கால், நகத்தைச் சுற்றிய வீக்கம், விரலிடுக்கில் ஊறிய வெண்மை ஆகியவை கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உணர்ச்சியைச் சோதிக்க மோனோஃபிலமென்ட் என்ற, 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழை இருந்தால் அதை வைத்துச் செய்யலாம். அது இல்லாதபோது, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தொட்டது தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. இப்ஸ்விச் தொடு சோதனை என்று இதற்குப் பெயர். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தமிழ்நாடு அரசின் "பாதம் பாதுகாப்போம்" திட்டம் வந்த பிறகு பாதத்தைப் பார்க்கும் பழக்கம் எங்கள் பக்கம் கூடியிருக்கிறது. தனியார் கிளினிக்குகளுக்கும் அது பரவ வேண்டும்.

உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் அறிவுரை ஊரையும் காலத்தையும் பொறுத்தது. பங்குனி, சித்திரையில் கோயிலுக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு சுடும் கல்தரையில் பிராகாரம் சுற்றுவார்கள். அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் மாடவீதிகளில் தார்ச் சாலையில் நடப்பார்கள். சூடு தெரியாததால் கொப்புளம் வந்ததே வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ போங்கள், கனமான பருத்திக் காலுறை அணிந்துகொள்ளுங்கள், திரும்பியதும் பாதத்தை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள் என்று சொல்வோம். இதுபோன்ற வரிகள் கையேட்டில் இருந்தால்தான் நாங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்ட முடியும்.

தந்தையைப் பராமரிக்கும் மகள், தாம்பரம்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனாலும் இந்த இழையில் இதுவரை அதிகம் பேசப்படாத ஒன்றை எழுத அனுமதி வேண்டுகிறேன்.

என் அப்பாவை ஒரு மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, முதன்முறையாக இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை யூனிட், எத்தனை வேளை என்பது சீட்டில் தெளிவாக இருந்தது. போட்ட பிறகு சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும், சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சில நாட்கள் கழித்து, விடியற்காலையில் அப்பாவுக்குச் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மாரடைப்பு என்று பயந்துவிட்டோம். என் அம்மா அவசர அவசரமாகத் தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை நோயாளி என்பதால் சர்க்கரை போடாமல் கொடுத்தார். மாடி வீட்டில் இருந்த ஒரு செவிலியர் ஓடிவந்து, குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் அப்பா தெளிந்தார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். சர்க்கரை கூடக் கூடாது என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து என்பதை யாராவது இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் போதும். இன்சுலின் எழுதும் ஒவ்வொரு மருத்துவரும், கொடுக்கும் ஒவ்வொரு மருந்தாளுநரும், நோயாளிக்கு மட்டுமல்லாமல் அவரோடு ஒரே வீட்டில் உறங்குகிறவருக்கும் இதைச் சொல்ல வேண்டும். அதற்கான தாளை உங்கள் கையேட்டில் முதலில் வையுங்கள்.

கொளத்தூர் மருந்தாளுநர்

சகோதரி எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. அந்தத் தாளில் இருக்க வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றினாலோ சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தாலோ, உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடனே வேலை செய்யாது. அந்த மாத்திரை சர்க்கரை செரிப்பதையே தாமதப்படுத்துவது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும். இந்த மாத்திரையைக் கொடுக்கும்போதே பொடியையும் எடுத்து வைக்கும் பழக்கத்தை நான் கடைப்பிடிக்கிறேன்.

நீரிழிவு சிறப்பு மருத்துவர், அண்ணா நகர்

ஒரு சேர்க்கை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளால் சர்க்கரை இறங்கியவர்களுக்கு ஒரு முறை ஏற்றிவிட்டதும் "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த மாத்திரையின் வேலை முடியும் வரை மீண்டும் மீண்டும் இறங்கும். குறிப்பாக முதியவர்களை ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

உணவியல் ஆலோசகர், திருவான்மியூர்

கிளினிக்குகளில் கொடுக்கப்படும் உணவுத் தாள்களை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறேன். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், புரோக்கோலி என்று அச்சிட்டுக் கொடுத்தால், ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்தும் ஒருவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். காலையில் இட்லி எத்தனை, மதியம் சோறு எத்தனை கரண்டி, பொரியல் எவ்வளவு, மாலையில் தேநீரோடு என்ன, இரவு எத்தனை மணிக்கு என்ற கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும்.

சிறுதானியங்களைப் பற்றி ஒரு தெளிவு தேவைப்படுகிறது. கேழ்வரகு சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேட்டு, மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பவர்கள் வருகிறார்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்து அரிசியளவுக்கு இருக்கிறது. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிவிட்டால் அது வேகமாகவே ரத்தத்தில் ஏறும். தானியத்தை மாற்றுவதைவிட அளவை மாற்றுவதும், கூட எதைச் சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கில்தான் சோறு என்று வரைந்து காட்டினால் படிக்காதவருக்கும் புரியும். சாதம் மூன்று கரண்டியாக இருந்தது இரண்டாகக் குறைந்து, அந்த இடத்துக்கு அவரைக்காயோ முருங்கைக்கீரையோ வந்தால் அதுவே பெரிய மாற்றம். சமையல் செய்பவரையும் அடுத்த முறை கூட்டி வரச் சொல்லுங்கள்.

நோய்க்கு முந்தைய நிலையில் உள்ளவர்களைக் கையேடு மறந்துவிடக் கூடாது. உணவும் நடையும் மாறினால் நோய் வருவது குறையும் என்பதற்கு, சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வே சான்று. வாழ்க்கைமுறை மாற்றத்தால் மட்டும் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது, மெட்ஃபார்மினால் 26.4 விழுக்காடு. யாருக்கு ஆபத்து என்று கண்டறிய, சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை உருவாக்கிய ஆபத்து மதிப்பெண் முறை இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கையும் கேட்டுக் கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வருபவர்களுக்கு ஆபத்து அதிகம். ஓர் அளவுநாடா இருந்தால் வரவேற்பில் இருப்பவரே செய்துவிடலாம்.

சமூக மருத்துவ முதுநிலை மாணவர்

எல்லோரும் அச்சுத் தாளையே பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். நெறிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அச்சிட்ட கையேடு இரண்டு ஆண்டில் பழசாகிவிடும். கைப்பேசிச் செயலியாகச் செய்தால் மாற்றங்களை உடனுக்குடன் சேர்க்கலாம், நோயாளியின் எண்களை வரைபடமாகக் காட்டலாம், தள்ளிப்போடப்பட்ட பரிசோதனைகளை நினைவூட்டலாம்.

இன்னொன்று, தனியார் கிளினிக்குகளும் அரசுத் திட்டங்களும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதே நோயாளி தனியார் மருத்துவரிடமும் போகிறார். இருவரும் ஒரே நோட்டில் எழுதினால், மருந்தாளுநர் சொன்ன இரட்டை மாத்திரைச் சிக்கலே எழாது. காசநோயாளிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதியும், சர்க்கரை நோயாளிக்கு நீடித்த இருமலோ எடைக் குறைவோ இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தனியார் கிளினிக்குகளில் பின்பற்றப்பட வேண்டும். வடசென்னை போன்ற நெருக்கமான பகுதிகளில் இதற்கு மிகுந்த தேவை இருக்கிறது.

கொளத்தூர் மருந்தாளுநர்

தம்பி சொல்வதில் ஒரே நோட்டு என்பது மிகச் சரி. செயலி விஷயத்தில் உடன்பாடில்லை. கவுன்டரில் நான்கு பேர் நிற்கும்போது கைப்பேசியைத் திறந்து தேட முடியாது. தலைக்கு நேரே ஒட்டியிருக்கும் படத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த மூடி, இந்தக் குப்பி" என்று சொல்லிவிட முடியும். மாறக்கூடியவற்றைச் செயலியில் வையுங்கள். சிரிஞ்சு நிறமும், சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதும், பாதம் பார்க்கும் முறையும் ஆண்டுதோறும் மாறுவதில்லை.

ஓய்வுபெற்ற நகர சுகாதார செவிலியர், சைதாப்பேட்டை

கர்ப்பிணிகளை யாரும் குறிப்பிடவில்லையே என்று எழுதுகிறேன். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கொள்ளும் எளிய முறை, சென்னையின் டாக்டர் வீ. சேஷய்யாவின் உழைப்பால் நாடெங்கும் பரவியது. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லி அலைக்கழிக்காமல், வந்த அன்றே முடித்துவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. முதல் வருகையிலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் ஒரு முறையும் செய்ய வேண்டும்.

இவை பெரும்பாலும் நடந்துவிடுகின்றன. தவறிப்போவது பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துச் செய்ய வேண்டிய பரிசோதனை. அதற்குள் தாய் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார், கவனமெல்லாம் குழந்தையின் மேல் இருக்கும். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வரும் அதே நாளில் தாய்க்கும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும் என்று தடுப்பூசி அட்டையிலேயே ஒரு முத்திரை குத்தினால் போதும். பின்னாளில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இந்தப் பெண்களுக்கு மிக அதிகம். அவர்களை அப்போதே பிடித்துக்கொள்ளாமல் பத்து ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போன நிலையில் பார்ப்பது வேதனை.

நீரிழிவு சிறப்பு மருத்துவர், அண்ணா நகர்

"யாரிடம் எப்போது அனுப்புவது" என்பதை நானே எழுதித் தருகிறேன். வாந்தியும் வயிற்று வலியும் வேகமான மூச்சும் உள்ள சர்க்கரை நோயாளி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளான டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தாலும் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம் என்பதால், எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. சாப்பிட முடியாத நாட்களிலும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் அந்த மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டும். சீழ் வைத்த பாதப்புண், திடீர்ப் பார்வைக் குறைவு, 25 வயதுக்குள் நோய் வந்து உடல் மெலிபவர், கர்ப்பிணி ஆகியோரையும் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். இரண்டாம் வகை நோய் கண்டறியப்பட்ட ஆண்டிலேயே விழித்திரைப் பரிசோதனை தேவை. பார்வை நன்றாக இருக்கிறது என்று நோயாளி சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது. அனுப்பும் கடிதம் அரைப்பக்கம் போதும், ஆனால் தற்போதைய மருந்துகளும் கடைசிக் கிரியேட்டினினும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நாங்களும் பதில் கடிதம் எழுதி நோயாளியை உங்களிடமே திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் தரப்பில் இது சரியாக நடப்பதில்லை என்பது உங்களின் நியாயமான குறை.

பெரம்பூர் பொது மருத்துவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் முதலில் திட்டமிட்டது எண்பது பக்கக் கையேடு. இந்த இழையைக் குழுவில் படித்துக் காட்டிய பிறகு அதை ஒத்திவைத்துவிட்டோம். இப்போதைக்கு அச்சாகப் போவது மூன்று தாள்கள். சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதைச் சொல்லும் தாள், தாம்பரம் சகோதரி கேட்டபடி முதலில் வெளிவரும். இன்சுலின் எழுதும் ஒவ்வொரு சீட்டோடும் அது இணைக்கப்படும். சிரிஞ்சுப் படம் கிளினிக் சுவரிலும் மருந்துக் கடைக் கவுன்டரிலும் ஒட்டப்படும். மேசைக்கான தாளில் ஒரு பக்கம் சிறுநீரக அட்டவணை, மறுபக்கம் எப்போது அனுப்புவது என்ற குறிப்பு. பாதம் பார்க்கும் முறையைத் தாளாக்காமல், எங்கள் கிளினிக் உதவியாளர்களை வியாசர்பாடி செவிலியர் அம்மாவிடம் அனுப்பி நேரில் கற்றுவரச் செய்ய விரும்புகிறோம். அவரும் அவருடைய மேலதிகாரியும் இசைந்தால்.

உணவுத் தாளையும் கர்ப்பகாலப் பரிசோதனை முத்திரையையும் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம். ஒரே நோட்டு என்ற யோசனைக்குச் சுகாதாரத் துறையின் ஒப்புதல் தேவைப்படும் என்பதால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கவிருக்கிறோம். முதல் தாளின் வரைவை இங்கேயே இடுகிறேன். மருத்துவம் படிக்காதவர்கள் அதைப் படித்துவிட்டு, புரியாத வரியைச் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

வியாசர்பாடி செவிலியர்

மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் டாக்டர். சிரிஞ்சுப் படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, உண்மையான மூடிகளை அதன் மேல் வைத்துப் பாருங்கள். சிவப்பும் ஆரஞ்சும் மலிவான அச்சில் ஒரே நிறமாகத் தெரிய வாய்ப்புண்டு. நிறத்தோடு "40", "100" என்ற எண்களையும் மூடியின் மேலேயே பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள்.